‘கூடுதல் ஆயுள்’ என்றால் எத்தனை மாதம்?

புற்றுநோய் மருந்துக்கான விளம்பரம் எதையும் நமது நாட்டுத் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் இடையில் கீமோ மருந்தைப் பற்றி யாரும் பாடி ஆடுவதில்லை. வைத்தியரின் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்தைப் பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்த இங்கே இடமில்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் மருந்து விளம்பரங்களை அதிகாரசபையின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. இந்தியாவிலோ 1954 இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. சில நோய்களின் பெயரைச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை அது குற்றமாக்கியது. அந்த நோய்ப் பட்டியலில் புற்றுநோயும் உண்டு.

உலகில் இதற்கு விலக்கான பெரிய நாடு ஐக்கிய அமெரிக்கா. நியூசிலாந்திலும் அனுமதி உண்டு. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1997 இல் விதியைத் தளர்த்தியது. மருந்தின் முக்கியமான ஆபத்துகளை வாயால் சொல்லிவிட்டு, முழு விபரத்தை எங்கே பெறலாம் என்று காட்டினால் போதும் என்றாயிற்று. அதன்பின் மருந்துக் கம்பனிகளின் பணம் தொலைக்காட்சிக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது.

அமெரிக்கக் கதை வட்டுக்கோட்டையில் இருக்கும் நமக்கு எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். அமெரிக்க அலைவரிசைகள் கனடாவின் வீடுகளுக்குள்ளும் தெரிகின்றன. கனடாவில் நம்மவர்கள் இல்லாத ஊர் நம்மிடம் உண்டா? ஊரில் தாய்க்கு நோய் என்றால் அங்கிருக்கும் மகன் சும்மா இருப்பானா? “உம்மா, இங்க ரிவியில ஒரு மருந்து காட்டுறாங்க. டொக்டரிட்டக் கேட்டுப் பாருங்கோ” என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தால் போதும், அந்த விளம்பரம் நமது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஆகவே அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். 2015 இல் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்ற கம்பனி ஒப்டிவோ என்ற மருந்துக்காக வெளியிட்டது. அது முன்பே கீமோ எடுத்தும் நோய் வளர்ந்துவிட்ட நுரையீரல் புற்றுநோயாளருக்கான மருந்து. விளம்பரத்தில் நோயாளரும் அவர்களது குடும்பத்தவரும் நகரத்தில் நின்று மேலே பார்க்கிறார்கள். உயர்ந்த கட்டிடங்களின் சுவரில் பெரிய எழுத்துகள் ஒளிர்கின்றன. கூடுதல் காலம் வாழ ஒரு வாய்ப்பு என்பது அவற்றின் பொருள்.

இந்த வசனத்தில் பொய் இல்லை. இங்கேதான் பாடம் தொடங்குகிறது. எவ்வளவு கூடுதல்? எதைவிடக் கூடுதல்? தமிழில் ஒப்பிட்டுப் பேசும்போது ‘அதைவிட’, ‘இதைவிட’ என்று ஒன்றைக் காட்டவேண்டி வரும். ‘பழைய கீமோ மருந்தைவிட’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், வசனம் உடனே கீழே இறங்கிவிடுகிறது. சுவரில் ஒளிர்ந்த எழுத்தில் அந்த ‘விட’ இல்லை.

எண் என்ன சொல்கிறது? நுரையீரல் புற்றுநோய்க்கு அந்த மருந்தைப் பயன்படுத்த முதல் அனுமதி வாங்கித் தந்த பெரிய ஆய்வில் 272 நோயாளர் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு ஒப்டிவோவும் மற்றவர்களுக்கு வழக்கமான கீமோ மருந்தும் கொடுத்தார்கள். ஒப்டிவோ பெற்றவர்களின் ஆயுட்கால இடையம் 9.2 மாதம், கீமோ பெற்றவர்களுடையது 6.0 மாதம். வித்தியாசம் 3.2 மாதம். கட்டிடச் சுவரை நிரப்பிய ‘கூடுதல்’ என்ற சொல்லின் நீளம் ஏறக்குறைய மூன்று மாதம்தான்.

மூன்று மாதம் சிறிது என்று நான் சொல்லவில்லை. ஒரு மகளின் நிக்காஹ்வைக் கண்ணால் காண மூன்று மாதம் போதும். எத்தனை மாதம் என்பதை அறிந்தபின் அதன் பெறுமதியைத் தீர்மானிக்க வேண்டியவர் நோயாளரே. அறியாமல் தீர்மானிக்க வைப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

கணித வகுப்பு மாணவியர் இங்கே சற்று நிற்க வேண்டும். இடை வேறு, இடையம் வேறு. பதினொரு பேரை ஆயுளின் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஆறாமவரின் ஆயுள்தான் இடையம். ஏழாமவரிலிருந்து பதினொராமவர் வரை எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதை அது சொல்லாது. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982 இல் ஓர் அரிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயில் ஆயுட்கால இடையம் எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்தார். அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002 இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். இடையத்தை மரண தண்டனையாக வாசிக்கக்கூடாது என்று இடையில் ஒரு கட்டுரையும் எழுதினார்.

ஒப்டிவோவிலும் இது உண்மையாயிற்று. மேலே சொன்ன ஆய்வையும் அதன் இணை ஆய்வையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அந்த மருந்தைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேரளவில் உயிரோடு இருந்தார்கள். கீமோ பெற்றவர்களில் 3 பேருக்கும் குறைவு. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் இந்த வகை மருந்துகளுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்குத்தான் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து நல்லது. சிலருக்கு மிக நல்லது, பலருக்குச் சிறிது காலம், வேறு பலருக்கு ஒன்றும் இல்லை. ‘எல்லாருக்கும் கூடுதல்’ என்று சொல்வது போன்ற சுவரெழுத்தும், ‘எல்லாருக்கும் மூன்று மாதம்’ என்று பயந்து ஒதுங்குவதும் இரண்டுமே தவறான வாசிப்பு.

அப்படி நல்லதாக முடியாத கதையும் உண்டு. கீமோவால் இரத்தச்சோகை வந்தவர்களுக்கு இரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்க ஒரு மருந்து 1993 இல் அனுமதிக்கப்பட்டது. அதன் வர்த்தகப் பெயர்களில் ஒன்று புரோகிரிட். 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதற்கு விளம்பரம் ஓடியது. களைத்துப்போன நோயாளர் மறுபடி உற்சாகமாக நடமாடும் காட்சிகள். கீமோ எடுப்பவரைக் கேட்டுப் பாருங்கள், வாந்தியைவிடக் களைப்புத்தான் கொடுமை என்பார்கள். விளம்பரம் தொட்ட இடம் அது. ஆனால் களைப்பைப் போக்கும் என்பதற்கு அந்த மருந்து அனுமதி பெற்றிருக்கவில்லை. 2007 மார்ச்சில் அதே அரசு நிர்வாகம், இந்த வகை மருந்துகளால் சில நோயாளரில் கட்டி வேகமாக வளரலாம், மரணமும் முந்தலாம் என்று தனது மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பெட்டியில் பொறிக்க வைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் வைத்தியரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

பெயரைச் சொல்லிக் கேட்பது என்றதும் நமது பேராசிரியர் சேனக பிபிலே நினைவுக்கு வருகிறார். மருந்தை வர்த்தகப் பெயரால் அல்ல, அதன் பொதுப்பெயரால் வாங்கவும் வழங்கவும் வேண்டும் என்ற கொள்கையை 1970களில் இந்த நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். ஒப்டிவோ என்பது கடையின் பெயர்ப்பலகை போன்றது. மருந்தின் பெயர் நிவோலுமாப். கனடாவிலிருந்து பெயர்ப்பலகை மட்டும் வந்தால் தெல்லிப்பழையில் கேட்கும்போது குழப்பம்தான் மிஞ்சும்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது. அதற்கு முன் வடக்கின் நோயாளர் பலர் மஹரகமவுக்குப் பயணப்பட வேண்டியிருந்தது. களைப்போடும், மொழி தெரியாத திகைப்போடும். இப்போது தூரம் குறைந்திருக்கிறது. கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

தமிழில் கேட்க முடியாதா? 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வந்து இறங்கியது இதே வட்டுக்கோட்டையில்தான். பிறகு மானிப்பாய்க்குப் போனார். ஆங்கிலத்தில் தொடங்கிய வைத்தியக் கல்வியை 1860களில் தமிழுக்கு மாற்றினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று பெரிய நூல்களைத் தமிழாக்கினார். இல்லாத சொற்களை உருவாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அறுவைச் சிகிச்சையைத் தமிழில் படிப்பித்த மண்ணில், ‘இந்த மருந்து எனக்கு என்ன செய்யும்?’ என்று தமிழில் கேட்க ஏன் கூச்சம்?

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மகளோ பேத்தியோ இவற்றை எழுதிக் கொடுக்கலாம்: இந்த மருந்து எனது வகைப் புற்றுநோய்க்கு உரியதா? இது நோயை மாற்றுவதற்கா, வளர்ச்சியைத் தள்ளிப்போடுவதற்கா, வேதனையைக் குறைப்பதற்கா? என்னைப் போன்ற நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்குப் பலன் கிடைக்கும்? வேறு மருந்தைவிட எத்தனை மாதம் வித்தியாசம்? அந்த மாதங்களில் நான் எழும்பி நடமாடுவேனா, கட்டிலில் கிடப்பேனா? வைத்தியருக்கு நேரம் குறைவு, வெளியே நிற்கும் வரிசையும் நீளம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டியதில்லை. ஒரு முறைக்கு இரண்டு கேள்வி கேட்டு, கிடைத்த பதிலையும் அதே பக்கத்தில் எழுதி, கனடாவிலிருக்கும் மகனுக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பலாம்.