திங்கள்கிழமை இடைவெளியில் காசு பார்க்கலாமா?

கேள்வி: வெள்ளிக்கிழமை முடிந்த விலைக்கும் திங்கள்கிழமை தொடங்கும் விலைக்கும் நடுவே ‘கேப்’ விழுந்தால், அது கட்டாயம் மூடுமாம். எதிர்த்திசையில் பந்தயம் கட்டினால் லாபம் என்று நண்பர் ஒரு யூரோ-டாலர் ஆப்பைக் காட்டுகிறார். இறங்கலாமா?
– ஒரு வாசகர், மாட்டுங்கா லேபர் கேம்ப், மும்பை

பதில்: வேண்டாம். நண்பர் சொல்வதில் பாதி உண்மை. சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும்போது பெரிய செய்தி வந்தால் விலை தாவித் திறக்கும். பதற்றம் தணிந்ததும் பழைய இடத்துக்கு வருவதும் உண்டு. வராத நாள்தான் ஆளை விழுங்கும். 2017 ஏப்ரலில் பிரான்ஸ் அதிபர் தேர்தலின் முதல் சுற்று முடிந்த மறுநாள், யூரோ டாலருக்கு எதிராகத் தாவி ஏறியது. அந்த இடைவெளி முழுதாக மூட 2020 மார்ச் ஆனது. மார்ஜினில், அதாவது சிறு முன்பணம் கட்டிக் கடனில், அதுவரை யார் தாங்குவார்? நஷ்டம் ஓர் அளவைத் தொட்டதும் தானாக வெளியேற்றும் ஸ்டாப் லாஸ் காப்பாற்றும் என்பார்கள். இடைவெளிக்குள் விலையே இல்லையே! அடுத்துக் கிடைக்கும் விலையில்தான் வெளியேற முடியும், அது எவ்வளவு மோசமானாலும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்த ஆப். ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அனுமதி பெறாத தளத்தில் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்தால் உங்கள் மீதே நடவடிக்கை வரலாம். என்.எஸ்.இ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தையிலும், ரூபாய் சார்ந்த செலாவணி ஒப்பந்தங்களில், 2024 மே மாதம் முதல், ஏற்றுமதி, இறக்குமதி போன்ற உண்மையான செலாவணித் தேவை உள்ளவர்களுக்கே இடம். வெறும் ஊக வணிகத்துக்கு இல்லை. அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாததாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. ஆப்பில் ஏற்கெனவே பணம் போட்டிருந்தால், மேலும் ஒரு ரூபாய்கூடப் போடாமல் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.