அணை அகன்ற ஆறுகளும் வலசை மீன்களும்

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு மீண்டும் ஆற்றையே நாடி வரும் மீனினங்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. வட அமெரிக்காவின் சால்மன், அலைவைஃப், ஸ்டர்ஜன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வங்காளத்தார் இலிஷ் என்றும் தமிழ்நாட்டு மீனவர் உல்லம் என்றும் அழைக்கும் ஹில்சாவும் இவ்வகையினதே. விலாங்கு இதற்கு நேர்மாறாகக் கடலில் பிறந்து ஆற்றில் வளர்கிறது. எவ்வகையாயினும், கடலுக்கும் ஆற்றின் மேற்பகுதிக்கும் இடையே தடையற்ற வழி இருந்தால்தான் இவற்றின் வாழ்க்கைச் சுற்று நிறைவுறும்.

அணை கட்டியபின் வலசை மீன்வளம் குன்றியதற்குப் பல நாடுகளில் சான்றுகள் உண்டு. அணையை அகற்றினால் அவ்வளம் மீளுமா, மீளுமெனில் எந்த அளவுக்கு, எவ்வளவு காலத்தில் என்னும் வினாக்களுக்கு விடை தரக்கூடிய அனுபவம் கடந்த கால் நூற்றாண்டில்தான், பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், திரண்டுள்ளது.

உரிமம் முடிந்த அணை

அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைகள் மத்திய ஆணையம் ஒன்றின் உரிமத்தின் பேரில் இயங்குகின்றன. உரிமம் பொதுவாக 30 முதல் 50 ஆண்டுகள் வரை செல்லும். அது முடியும்போது, மின்சாரத்தால் வரும் நன்மையையும் மீன்வளம் முதலிய பிற நன்மைகளையும் சமமாகக் கருத்திற்கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறுகிறது. கட்டி முடித்த திட்டத்தை மறுபடியும் கணக்குப் பார்க்கும் வாய்ப்பு இவ்வாறு முறையாக அமைந்துவிடுகிறது. வளரும் நாடுகளின் திட்ட அமைப்பில் இத்தகைய ஏற்பாட்டைக் காண்பது அரிது.

மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-இல் கட்டப்பட்ட எட்வர்ட்ஸ் அணை இவ்வகை மறுகணக்குக்கு உள்ளாயிற்று. அதன் மின் உற்பத்தித் திறன் 3.5 மெகாவாட் மட்டுமே. மீன்கள் கடந்து செல்வதற்கான அமைப்பைக் கட்டுவதைவிட அணையை அகற்றுவதே செலவு குறைந்தது என்று கணக்கிட்ட ஆணையம், 1997-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து அணையை அகற்ற ஆணையிட்டது. உரிமையாளரின் விருப்பத்துக்கு மாறாக அவ்வாணையம் பிறப்பித்த இத்தகைய முதல் ஆணை இதுவே. 1999 ஜூலை 1-ஆம் நாள் அணை உடைக்கப்பட்டது. அகஸ்டா நகரிலிருந்து வாட்டர்வில் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு திறந்துகொண்டது.

இங்கு மீன்கள் ஒரே சீராகத் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மீன் ஏணிகளை ஏறத்தாழப் பயன்படுத்தவே பயன்படுத்தாத இனம் ஸ்டர்ஜன். அடித்தளத்தை ஒட்டி நீந்தும் அப்பெரிய மீனுக்கு அணை அகல்வதைத் தவிர வேறு வழி உதவாது. அது வாட்டர்வில் வரை மீண்டும் வந்து சேர்ந்தது. மத்தி போன்ற சிறு மீனாகிய அலைவைஃப் ஏரிகளில் முட்டையிடும் இயல்பினது. அணை அகலுமுன்பே இம்மீன்களைக் கீழே பிடித்து, லாரிகளில் ஏற்றி, மேற்பகுதி ஏரிகளில் விட்டு வந்தனர். பின்னர்க் கிளையாறான செபாஸ்டிகுக்கில் இருந்த ஃபோர்ட் ஹாலிஃபாக்ஸ் அணையும் 2008-இல் அகற்றப்பட்டது. அதற்கு மேலுள்ள அணையில் மீன்களைத் தூக்கிவிடும் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. அங்கு எண்ணப்பட்ட மீன்களின் தொகை 2018-இல் 50 இலட்சத்தைக் கடந்தது. ஆனால் அட்லாண்டிக் சால்மன் மெய்ன் ஆறுகளில் இன்னும் அருகிய இனமாகவே இருந்து வருகிறது. அருகில் உள்ள பெனாப்ஸ்காட் ஆற்றில் 2012-இலும் 2013-இலும் இரண்டு அணைகள் அகற்றப்பட்டபின் அலைவைஃப் இனம் பெருகிய வேகத்தில் சால்மன் பெருகவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் குன்றிய இனத்தின் எஞ்சிய தொகை மிகச் சிறிது. கடலில் அதன் இறப்பும் மிகுதி. அணையை அகற்றுவதால் கடலின் நிலை மாறிவிடாது.

எல்வாவின் படிப்பினை

மேற்குக் கரையில் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆறு ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளமே உடையது. அதில் கடலிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவிலேயே 1913-இல் ஓர் அணையும், அதற்கு மேல் 1927-இல் 64 மீட்டர் உயரமுள்ள கிளைன்ஸ் கான்யன் அணையும் கட்டப்பட்டன. மீன் வழி அமைத்தாக வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருந்தும் இரண்டிலும் அது அமைக்கப்படவில்லை. ஆற்றங்கரையில் வாழும் கிளாலம் பழங்குடியினர்க்கு 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கை உறுதியளித்த மீன்பிடி உரிமை இதனால் ஏட்டளவில் நின்றது. 1992-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இடிப்பு வேலை 2011 செப்டம்பரில் தொடங்கி 2014-இல் முடிந்தது.

சட்டத்துக்கும் இடிப்புக்கும் இடையே 19 ஆண்டுகள் சென்றதற்குப் பெருங்காரணம் வண்டல். இரு நீர்த்தேக்கங்களிலும் ஏறத்தாழ 2.1 கோடி கன மீட்டர் மணலும் சேறும் தேங்கியிருந்தன. ஒரே நேரத்தில் அவை கீழிறங்கினால் குடிநீர் கெடும், மீன் மூச்சடைத்து இறக்கும். எனவே அணை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. கீழேயுள்ள நகரத்துக்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. மொத்தச் செலவு ஏறத்தாழ 32.5 கோடி டாலர்; இதில் அணைகளை இடிப்பதற்கான ஒப்பந்தத் தொகை 3 கோடி டாலருக்கும் குறைவு. அணையை வாங்குதல், குடிநீர், வெள்ளக்காப்பு, மீன் குஞ்சு வளர்ப்பு ஆகியவையே செலவின் பெரும்பகுதியை விழுங்கின. திட்ட மதிப்பீடு பயிலும் மாணவர்கள் இவ்விகிதத்தை நினைவிற்கொள்வது நலம்.

தான் பொரித்த நீரின் மணத்தைச் சால்மன் குஞ்சு நுகர்ந்து பதித்துக்கொண்டு, வளர்ந்தபின் அதே மணத்தைத் தேடித் திரும்புகிறது. அப்படியாயின், நூறாண்டாக எந்தச் சால்மனும் பிறவாத மேற்பகுதிக்கு அது எவ்வாறு வரும்? ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிறு பகுதி வழிதவறி வேறிடங்களில் முட்டையிடுகிறது. புதிய வழியைக் கண்டுபிடிப்பவை இவையே. எல்வாவில் மற்றொரு வியப்பும் நேர்ந்தது. அணைக்கு மேலே சிறைப்பட்டு, கடலையே காணாமல் தலைமுறைகளாக வாழ்ந்த வானவில் டிரவுட் மீன்களிடம் கடல் செல்லும் இயல்பு மரபில் அழியாதிருந்தது. அணை அகன்றபின் அவற்றின் வழிவந்தவை கடலுக்குச் சென்று, ஸ்டீல்ஹெட் எனப்படும் பெரு மீன்களாகக் கோடையில் திரும்பின. சினூக் வகைச் சால்மனில் திரும்பியவற்றுள் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலானவை செயற்கைக் குஞ்சுப் பண்ணைகளில் பிறந்தவை. எண்ணிக்கையை மட்டும் கண்டு ஆறு தன்னிறைவு பெற்றதாகக் கருதிவிடலாகாது. 2011-இல் நிறுத்தப்பட்ட மீன்பிடிப்பு 2023-இல்தான், அதுவும் கோஹோ வகைக்கு மட்டும், பழங்குடியினரின் சடங்குக்கும் சொந்த உணவுக்கும் சிறு அளவில் அனுமதிக்கப்பட்டது.

கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் 2024-இல் அகற்றி முடிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரிலேயே சினூக் சால்மன் ஆரிகன் மாநிலத்துக் கிளையாறு ஒன்றில் காணப்பட்டது. 1912-க்குப் பின் அப்பகுதியில் காணப்பட்ட முதல் வலசைச் சால்மன் அதுவே. வருவது விரைவில் நிகழலாம், பெருகுவது வேறு.

கங்கையும் ஹில்சாவும்

நம் நாட்டில் இப்பொருள் பற்றிப் பேசுகையில் ஃபரக்காவே முதலில் நினைவுக்கு வரும். 1975-இல் இயங்கத் தொடங்கிய இக்கதவணை 2.2 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 109 மதகுகளும் உடையது. கல்கத்தாத் துறைமுகத்தின் வண்டலை அடித்துச் செல்வதற்காக, ஹூக்ளியில் 40,000 கனஅடி வரை நீர் திருப்புவது இதன் நோக்கம். முன்பு பிகாரின் பக்ஸர், உத்தரப் பிரதேசத்தின் அலகாபாத் வரையிலும் அதற்கு மேலும் ஏறிச் சென்ற ஹில்சா, அதன்பின் மேற்பகுதிகளில் மிகவும் அருகிவிட்டது. கதவணையிலேயே மீன்களுக்கான வழி அமைக்கப்பட்டும் அது பயன்தரவில்லை. சால்மனைப் போல ஹில்சா தாவி ஏறுவதில்லை. மேல்நாட்டு மீன் ஏணியின் வரைபடத்தை இங்குப் படியெடுப்பதில் பொருளில்லை. இழப்பு நேர்ந்தது பிகார், உத்தரப் பிரதேச ஆற்று மீனவர்க்கு. நன்மை கிட்டியது துறைமுகத்துக்கு. திட்டக் கணக்கில் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்படவில்லை.

ஃபரக்காவை அகற்ற வேண்டும் என்னும் கோரிக்கை 2016-இல் பிகார் அரசிடமிருந்து எழுந்தது. அதற்குக் காட்டப்பட்ட காரணம் மீனன்று, வண்டலும் வெள்ளமுமே. துறைமுகத்தின் தேவை, வங்கதேசத்துடன் 1996-இல் செய்துகொண்ட 30 ஆண்டு நீர்ப்பகிர்வு உடன்படிக்கை ஆகியவற்றை நோக்கின், அகற்றுவது எளிதில் கருதத்தக்கதன்று. எனவே பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கங்கைத் தூய்மைத் திட்டத்தின் கீழ், ஹில்சாவைக் கதவணைக்குக் கீழே பிடித்து மேலே விடும் பணியை மேற்கொண்டுள்ளது. சிலவற்றுக்கு அடையாளப் பட்டையும் இடப்படுகிறது. கென்னபெக்கின் லாரிப் பயணத்தை இது ஒத்ததே. ஆயினும் அங்கு லாரிக்குப்பின் அணைகள் அகன்றன. இங்குக் கதவணை நிற்கும் வரை இப்பணியும் அதன் செலவும் ஆண்டுதோறும் தொடர்ந்தாக வேண்டும்.

வழியை மறிப்பது மட்டுமே அணையின் விளைவு என்று கொள்வதும் குறைபாடாகும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் புதுவெள்ளம் வரும்போது உல்லம் ஏறி வந்ததுண்டு. மேட்டூர் அணை 1934-இல் எழுந்தபின் அவ்வெள்ளம் தேக்கத்தில் நின்றது. கீழே பிடிபடும் மீனும் வெகுவாகக் குறைந்தது. மீன் ஏணி பாதையை மட்டும் தருகிறது. வெள்ளத்தின் காலத்தையும் அளவையும் அது திருப்பித் தருவதில்லை. அகற்றுதல் இரண்டையும் ஒருங்கே தருகிறது. மீன்கள் அதற்கு விரைவாகச் செவிசாய்ப்பதன் விளக்கம் இதில்தான் உள்ளது. அணை நிற்க வேண்டுமாயின், முட்டையிடும் பருவத்தில் மதகுகளை எந்நாட்களில், எவ்வளவு நேரம் திறப்பது என்பதே அடுத்த சிறந்த வழி.

இந்தியாவில் 5,000-க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. நூறாண்டு கடந்தவை அவற்றுள் 200-க்கு மேல். 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் இவற்றின் உறுதியைக் கண்காணிக்கிறது. அகற்றும் செலவோ திட்ட அறிக்கைகளில் இடம்பெறுவது அரிது. 12 விழுக்காட்டுத் தள்ளுபடி வீதத்தில், 50 ஆண்டு கழித்துச் செய்யவேண்டிய ஒரு ரூபாய்ச் செலவின் இன்றைய மதிப்பு அரைப் பைசாவுக்கும் குறைவு. கணக்கில் மறையும் அத்தொகை களத்தில் மறைவதில்லை. மீனைப் பொறுத்தவரை காலம் இன்னும் கண்டிப்பானது. எல்வாவில் டிரவுட் எஞ்சியிருந்ததால் ஸ்டீல்ஹெட் மீண்டது; கென்னபெக்கில் ஏரிகளில் விட்ட அலைவைஃப் இருந்ததால் இலட்சங்கள் பெருகின. ஃபரக்காவுக்கு மேல் விடப்படும் ஹில்சா முட்டையிடுகிறதா, அதன் குஞ்சுகள் மதகுகளைக் கடந்து கடலை அடைகின்றனவா என்பதை ஆண்டுதோறும் எண்ணி வைப்பதே அங்கு முதலில் செய்யப்பட வேண்டிய வேலை.