ஒழுகும் முன்கண்ணாடியும் ஒளிந்திருக்கும் துருவும்

வீட்டுக் கூரை ஒழுகினால் உடனே ஏணியைத் தேடுகிறோம். காரின் முன்கண்ணாடி ஒழுகினாலோ, காலடியில் ஒரு பழந்துணியை விரித்துவிட்டு வண்டியை ஓட்டிச் செல்கிறோம். "இரண்டு சொட்டு நீர் என்ன செய்துவிடும்?" என்பது நம்முள் பலரின் எண்ணம். அந்த இரண்டு சொட்டு நீர் என்ன செய்யும், அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பனவற்றை இம்மாதப் பாடத்தில் காண்போம்.

தோட்டப்புறத்தில் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் பள்ளி, மாவட்ட மருத்துவமனை, வாரச் சந்தை ஆகிய யாவும் தொலைவில் இருக்கும்பொழுது, பழைய காரே பல குடும்பங்களுக்குத் துணை. அதனை நெடுநாள் காப்பது, உழைத்துச் சேர்த்த பணத்தைக் காப்பதற்கு ஒப்பாகும்.

ஓர் இரவு கற்றுத் தந்த பாடம்

யான் தோட்டப் பள்ளியொன்றில் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், அடுத்த வீட்டில் வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் பழைய டட்சன் 120ஒய் கார் ஒன்றை வைத்திருந்தார். மழை பெய்தால் அதன் முன்கண்ணாடியின் ஓரத்தில் நீர் கசியும். பட்டறையில் காட்டியபொழுது, கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கோன் பசையைத் தடவி அனுப்பினார்கள். கசிவு நின்றது. நண்பரும் மகிழ்ந்தார்.

சில மாதங்கள் கழித்து, கடும் மழை பெய்த ஓர் இரவில், காய்ச்சலில் துடித்த அவருடைய மகளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். செம்மண் பாதையின் நடுவே விளக்குகள் அனைத்தும் ஒருசேர அணைந்தன, வைப்பரும் நின்றது. கண்ணாடிக்குக் கீழே மறைவாக இறங்கிய நீர் ஃபியூஸ் பெட்டியை நனைத்திருந்தது. தோட்டத்து லாரி வந்து சேரும் வரை, நனைந்த இருக்கையில் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு காத்திருந்தோம். குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஆயினும், அந்த ஒரு மணி நேரத்தை அவள் தந்தையும் மறக்கவில்லை, யானும் மறக்கவில்லை.

பின்னர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபொழுதுதான் உண்மை விளங்கியது. சிலிக்கோனுக்கு அடியில் தகட்டு விளிம்பு துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. கசிவை மூடியிருந்தோமே தவிர, நோயைத் தீர்க்கவில்லை.

நீர் நுழையும் வழி

நீர் சொட்டும் இடம் வேறு. நுழையும் இடம் வேறு. மேல் மூலையில் புகும் நீர் தகட்டின் உட்புறமாக ஓடி, நெடுந்தொலைவு கடந்து காலடியில் விழக்கூடும். ஆகவே, முதலில் நுழைவாயிலைக் கண்டறிதல் வேண்டும்.

ஒருவர் டார்ச் விளக்குடன் காரினுள் அமர, மற்றொருவர் வெளியே ரப்பர்க் குழாயினால் நீரை மெதுவாக விடவேண்டும். முதலில் கண்ணாடியின் கீழ் விளிம்பு, அடுத்துப் பக்க விளிம்புகள், இறுதியில் மேல் விளிம்பு என்ற வரிசையில், ஒவ்வோரிடத்திலும் ஐந்து நிமிடம் நீர் பாயட்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து, கசியும் இடம் எது என்பது தெரியாமற் போகும். உள்ளே நீர் தோன்றும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் கொள்க.

எல்லாக் கசிவுக்கும் கண்ணாடியே காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. கண்ணாடிக்கும் எஞ்சின் மூடிக்கும் இடையே மழைநீர் வடியும் பள்ளமும் துளைகளும் உள்ளன. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் மர நிழலில் நிறுத்தப்படும் காரில், சருகுகள் அத்துளைகளை அடைத்துவிடும். தேங்கும் நீர் காரினுள் இறங்கும். சருகை அள்ளியவுடன் கசிவு நின்றுவிட்டால், செலவு ஒரு காசும் இல்லை.

ரப்பர் ஏன் கெடுகிறது?

மோரிஸ் மைனர், ஃபோக்ஸ்வேகன் பீட்டல், டட்சன் 120ஒய் போன்ற பழைய கார்களில் முன்கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பட்டை இருக்கும். அதன் ஒரு பள்ளம் கண்ணாடியையும், மற்றொரு பள்ளம் கார்க்கூட்டின் தகட்டு விளிம்பையும் கவ்விப் பிடித்திருக்கும்.

நாம் வெட்டியெடுக்கும் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் விமானச் சக்கரத்தையும் தாங்கும் ஆற்றலுடையது. எனினும், அதன் மூலக்கூற்றில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குகிறது. அதனால் இழுவிசைக்கு உள்ளான இடங்களில் வெடிப்புகள் தோன்றுகின்றன. வெயிலும் அதனை இறுகச் செய்கிறது. எனவேதான் இக்காலத்தில் இத்தகைய பட்டைகளைப் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பரால் செய்கின்றனர். அதுவும் ஆண்டுகள் பல கடந்தால் தளர்வதே. பட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் கல்போல் இருந்தாலும், மூலைகளில் வெடித்திருந்தாலும் புதிய பட்டை வாங்குவதே முறை.

துருவின் இயல்பு

இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில் அது விரைந்து வளரும். துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலால் ரப்பரை உயர்த்தி, மேலும் நீருக்கு வழி திறக்கிறது. சில வேளைகளில் கண்ணாடியையே நெருக்கி விரிசல் காணச் செய்கிறது. கீழே தேங்கும் நீரோ தரைத் தகட்டையும், இருக்கைப் பட்டி பூட்டப்பட்டுள்ள இடத்தையும் அரிக்கிறது. விபத்து நேரத்தில் நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டிய பட்டி, துருவேறிய தகட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் நம் கதி யாது?

வெள்ளை வேர்நோய் கண்ட மரத்தை நாம் எவ்வாறு காப்பாற்றுகிறோம்? மண்ணைப் போட்டு மூடுவதில்லை. அடிவேரைத் தோண்டிப் பார்த்து, கெட்ட வேரை வெட்டி நீக்கி, எஞ்சிய நல்ல பகுதிக்கு மருந்து பூசுகிறோம். துருவுக்கும் அதுவே மருத்துவம்.

செய்முறை

1. முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுக. கையுறையும் கண்காப்பும் அணிக. வைப்பர்களையும், ரப்பரில் பதிந்துள்ள பளபளப்புப் பட்டையையும் அகற்றுக.

2. பழைய ரப்பரின் வெளி உதட்டைக் கூரிய கத்தியால் சுற்றிலும் அறுத்து எடுத்தபின், இருவர் சேர்ந்து கண்ணாடியை வெளியே தூக்குக. திருப்புளியால் கண்ணாடியின் ஓரத்தை நெம்பக் கூடாது. ஓரத்தில் படும் சிறு அடியும் அதனை உடைத்துவிடும். கண்ணாடியைத் தடித்த போர்வையின்மீது வைக்க.

3. தகட்டு விளிம்பிலுள்ள பழைய பசையையும் சாயத்தையும் சுரண்டிவிட்டு, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் இரும்பு வெள்ளிபோல் ஒளிரும் வரை தேய்க்க. துரு தென்படும் இடத்தோடு நின்றுவிடாமல், நல்ல சாயம் தொடங்கும் எல்லையையும் சிறிது கடந்து தேய்க்க வேண்டும். பழைய சாயத் தூளில் ஈயம் இருக்கக்கூடுமாகையால், மூக்கையும் வாயையும் மூடும் தூசுக்கவசம் அணிக. பிள்ளைகளை அருகில் விடாதீர்.

4. நுண்குழிகளில் எஞ்சும் துருவுக்குப் பாஸ்போரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூசுக. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். புட்டியில் எழுதியுள்ளவாறு துடைத்து நன்கு உலர்த்துக.

5. அன்றைய தினமே எப்பாக்சி அடிச்சாயம் இரு முறை பூசுக. தேய்த்த இரும்பை இரவு முழுவதும் ஈரக்காற்றில் விட்டுவைத்தால் காலையில் மீண்டும் துரு படிந்திருக்கும். பின்னர் மேற்சாயம் பூசிச் சில நாள் நன்கு காயவிடுக. காயாத சாயத்தின்மீது ரப்பரை ஏற்றினால் சாயம் உரிந்துவிடும்.

6. புதிய பட்டையைக் கண்ணாடியைச் சுற்றிப் பொருத்துக. தகட்டு விளிம்பைக் கவ்வும் பள்ளத்தில் வலுவான நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, அதன் இரு முனைகளும் கீழ் நடுப்பகுதியில் ஒன்றையொன்று தாண்டிக் காரினுள் தொங்குமாறு விடுக. ரப்பரில் சவர்க்கார நீர் தடவுக. எண்ணெயோ மண்ணெண்ணெயோ வேண்டா. ரப்பரை அவை கெடுக்கும்.

7. ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, உள்ளிருப்பவர் கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வெளிவர வெளிவர, ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறி அமரும். இறுதியாக, வெளி உதட்டின் கீழே, கண்ணாடிப் பக்கமும் தகட்டுப் பக்கமும், இறுகாத தன்மையுடைய கண்ணாடிப் பசையைச் செலுத்துக. மீண்டும் குழாய் நீரால் சோதித்துப் பார்க்க.

சிலிக்கோன் வேண்டாமா?

சிலவகைச் சிலிக்கோன் பசைகள் உலரும்பொழுது புளித்த வாடை வீசும். அது அசிட்டிக் அமிலத்தின் வாடை. பாலை உறையவைக்க அமிலம் ஊற்றிய அன்பர்கள் அந்த நெடியை நன்கு அறிவர். அவ்வமிலம் சாயமில்லாத இரும்பில் பட்டால் துருவை வளர்க்கும். மேலும், சிலிக்கோன் படிந்த இடத்தில் பின்னர் சாயம் ஒட்டாது. காரின் பின்பெட்டியில் அமிலக் கொள்கலனை ஏற்றிச் செல்வதையும் இக்காரணம் பற்றியே தவிர்க்க வேண்டும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

தேய்க்கும்பொழுது தகட்டில் ஓட்டை விழுந்தால், அது நம் கைவேலையின் எல்லை. கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புதிய தகட்டை வெல்டிங் செய்தல் வேண்டும். அது தேர்ந்தவர் செய்யும் பணி. ஓட்டையின்மேல் பட்டிப் பசையை அப்பிச் சாயம் பூசுவது பயனற்றது. அப்பசை ஈரத்தை உறிஞ்சும்; உள்ளே துரு தொடர்ந்து வளரும். பட்டறைக்குச் செல்லும்பொழுது, "துருவை வெட்டி எடுத்தபின் எனக்குக் காட்டுங்கள், அதன்பின் மூடுங்கள்" என்று சொல்லத் தயங்காதீர். பணம் கொடுப்பவர் பார்த்தறிய உரிமையுடையவர்.

பிற்காலத்துக் கார்களில் முன்கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் கார்க்கூட்டோடு ஒட்டப்பட்டிருக்கும். கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்கவும், காற்றுப்பை விரியும்பொழுது எதிர்த்து நிற்கவும் அக்கண்ணாடி துணைபுரிகிறது. அதனை வீட்டில் கழற்றி ஒட்டுதல் கூடாது. பட்டறையில் ஒட்டியபின்னும், பசை இறுகுவதற்கு அவர்கள் குறிப்பிடும் நேரம் வரை காரை ஓட்டாதீர்.

நிறைவாக

நண்பரும் யானும் அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த டட்சனின் விளிம்பைத் தேய்த்துச் சாயம் பூசிக் கண்ணாடியைப் பொருத்தினோம். குழாய் நீரால் சோதித்த நாளன்று, டார்ச் விளக்குடன் உள்ளே அமர்ந்தது அவர் மகளேயாவாள். "ஒரு சொட்டும் வரவில்லை, அப்பா!" என்று அவள் கூவிய குரல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

குடும்பத்தோடு சிந்திக்கச் சில வினாக்கள்:

• நீர்ச்சோதனையைக் கீழிருந்து மேலாகச் செய்வது ஏன்?

• துருவை அகற்றாமல் மேலே பசை பூசினால் விளைவது யாது?

• உங்கள் காரின் காலடி விரிப்பைக் கடைசியாக எப்பொழுது தூக்கிப் பார்த்தீர்கள்?

மூன்றாம் வினாவுக்கு விடை தெரியாதவர், நாளைக் காலையிலேயே விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாராக.