ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோயா? மரபணுவைப் பாருங்கள்

பிறந்த ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் டைப் 1 அல்ல, ஒற்றை மரபணுக் கோளாறு. அதில் முக்கியமானவை கேசிஎன்ஜே11, ஏபிசிசி8 என்ற இரு மரபணுக்கள். கணையத்தின் பீட்டா செல்லில் இருக்கும் பொட்டாசியம் சேனலை இவைதான் உருவாக்குகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அந்தச் சேனல் மூட வேண்டும். மூடினால்தான் கால்சியம் உள்ளே நுழைந்து இன்சுலினை வெளியே தள்ளும். மரபணு பழுதானால் சேனல் திறந்தே கிடக்கும். இன்சுலின் இருந்தும் வெளியே வராது. விலை குறைந்த சல்ஃபோனைல்யூரியா மாத்திரையால் அந்தச் சேனலை மூட முடியும். இது தெரியாமல் வருடக்கணக்கில் ஊசி குத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

• பால் குடித்தும் குழந்தைக்கு எடை ஏறவில்லையா, டயப்பர் ஓயாமல் நனைகிறதா? இன்றே ரத்த சர்க்கரை பாருங்கள். வாந்தியோ வேகமான மூச்சோ இருந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

• மரபணுப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் இதைச் செய்கிறார்கள்.

• குழந்தை வளர்ந்து பெரியவராகிவிட்டாலும் பரிசோதியுங்கள். கேசிஎன்ஜே11 பழுதுள்ள 49 பேருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. 44 பேர் இன்சுலினை அறவே நிறுத்தினார்கள்.

• வலிப்பு வருகிறதா, தலை நிற்கவும் உட்காரவும் தாமதமா? டாக்டரிடம் சொல்லுங்கள். இதே சேனல் மூளையிலும் இருக்கிறது.

• சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால் அதையும் மறைக்காதீர்கள். தேட வேண்டிய மரபணுவே வேறாக இருக்கலாம்.

• மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தபடியே மாத்திரைக்கு மாறுங்கள். இன்சுலினைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சர்க்கரை திடீரென்று தாழவும் வாய்ப்புண்டு.

செய்யக்கூடாதவை

• ரிப்போர்ட் கையில் வருமுன் இன்சுலினை நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் உயிரைப் பறிக்கும்.

• தாத்தாவின் சர்க்கரை மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு எடைக்கேற்ற அளவு வேண்டும். இன்சுலின் மரபணுவே பழுதாகியிருந்தால் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை உதவாது, ஊசிதான் வேண்டும்.

• சில மாதங்களில் சர்க்கரை தானாக இறங்கிவிட்டது என்று செக்கப்பை விட்டுவிடாதீர்கள். சிலருக்குப் பருவ வயதில் திரும்பி வரும்.

• “மாசமா இருக்கும்போது இனிப்பு சாப்பிட்ட, அதான்” என்று தாயை யாரும் குத்த விடாதீர்கள். பெரும்பாலும் இந்தப் பழுது குழந்தையிடம்தான் புதிதாகத் தோன்றுகிறது. யார் சாப்பிட்டதாலும் வருவதல்ல.

• நாற்பது வயதில் சாதாரண டைப் 2 வந்தவர்கள் இந்த டெஸ்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கேசிஎன்ஜே11-இல் பலருக்கும் உள்ள ஒரு சிறு மாறுபாடு டைப் 2 அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். அது தெரிந்து உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை.