உருவொற்றுமையும் தொழில்வேற்றுமையும்

பண்டை ஓலைகளிற் புள்ளியிடாது எழுதியமையால் எகரமும் ஏகாரமும் ஒருவடிவாய் மயங்கின; எரியோ ஏரியோ என்பதை இடம்நோக்கியே துணிதல் வேண்டும். புதுக்கோட்டை நாட்டு ஆவூரிலும் பணியாற்றிய வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் இம்மயக்கத்தை நீக்கினார். ஒரு சிறு குறி பொருளை முற்றும் வேறுபடுத்தும் என்பதற்கு இது சான்று.

மானிட உயிரணுக்களிலும் இத்தகைய குறிகள் உள. அவற்றையே யாம் ஈண்டுக் கூறப்புகுந்தனம். பெயரோடு வேற்றுமையுருபு சேர்ந்தாற்போல, உண்டாகி முடிந்த புரதத்தோடு வேறொரு சிறு புரதம் வந்து ஒட்டுதல் உண்டு. ஒட்டியவுடன் அதன் தொழில் வேறுபடும்.

அவ்வொட்டுக்களுள் முதற்கண் அறியப்பட்டது யுபிக்விட்டின் என்பது. இது 76 அமினோ அமிலங்களாலாயது. இது சங்கிலியாகக் கோக்கப்பெற்ற புரதம், பெரும்பாலும், புரோட்டியசோம் என்னும் உறுப்பிற் சிதைக்கப்படும். இம்முறையைக் கண்ட ஹெர்ஷ்கோ, சீகானோவர், ரோஸ் என்னும் மூவரும் 2004-இல் இரசாயன நோபல் பரிசு பெற்றனர்.

இதற்கு உறவினது சூமோ. உருவில் ஒத்ததாயினும் தன்னளவில் இஃது அழிவுக்குறியன்று. புரதத்தின் இருப்பிடத்தையும் கூட்டுறவையும் மாற்றுவது. சூமோவும் பலவகைத்து. முதற் சூமோ பெரும்பாலும் தனித்து ஒட்டும். தம்முள் ஏறக்குறைய ஒரே வடிவினவாகிய இரண்டாம் மூன்றாம் சூமோக்கள் சங்கிலியாகத் தொடர வல்லன. வெப்பம் முதலிய இடுக்கண் நேர்ந்தவிடத்து விரைந்து பல புரதங்களிற் சேர்வன.

இவ்வேற்றுமையை அறிதலாற் பயன் யாதெனின், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நோக்குக. 1998 முதல் 2004 வரை அங்கே, கடும் புரோமைலோசைட் இரத்தப் புற்றுநோயுற்ற 72 பேருக்கு, வெள்ளைப் பாஷாணமாகிய ஆர்சனிக் டிரையாக்சைடை முதன்மை மருந்தாக அளவறிந்து செலுத்தினர். நூற்றுக்கு 86 பேர் வீதம் நோய்க்குறி நீங்கப்பெற்றனர். கொல்லும் நஞ்சே உயிர்காத்தது எங்ஙனம்?

அந்நோயில் 15-ஆம் 17-ஆம் குரோமோசோம்கள் முறிந்து மாறியிணைதலால் ஒரு கலப்புப் புரதம் பிறந்து, குருதியணுக்களை முதிரவொட்டாது தடுக்கின்றது. பாஷாணம் அப்புரதத்திற் படிந்தவுடன் சூமோ அதன்மேற் சங்கிலியாய்ச் சேரும். அச்சங்கிலியை ஆர்என்எஃப்4 என்னும் நொதி கண்டுகொண்டு யுபிக்விட்டினை ஒட்டும். அதன் பின்னரே புரோட்டியசோம் அதனைச் சிதைக்கும். 2008-இல் ஐரோப்பிய ஆய்வாளர் இதனைத் தெளிவுறுத்தினர். சூமோ இடங்காட்டும், யுபிக்விட்டின் அழிவுக்கு அனுப்பும். முன்னது சேராவிடின் பின்னது செயற்படாது. பின்னது சேராவிடின் முன்னதாற் பயனில்லை.

பாஷாணம் படியுமிடத்தில் அப்புரதம் சிறிது திரியின் மருந்து பலியாது போதலும் உண்டு. அவ்வமயம் காரணம் தெரிந்து வேறு வழி நாடுதல் இம்முறை உணர்ந்தார்க்கே கூடும். ஆதலின், உருவொத்தன யாவும் ஒரு தொழிலின என்று கருதி அமையாது, ஒவ்வொன்றன் தொழிலையும் தனித்து ஆராய்தல் உயிர்நூல் கற்பார்க்குக் கடனாம். எழுத்திற் புள்ளியை இகழாத நம் மாணவர்க்கு அஃது அரிதன்று.