பட்டுப்புடவை பத்திரிகையில் இடம்பிடிக்க...

காஞ்சிபுரத்தில் தறியோ பட்டுக் கடையோ நடத்துகிறீர்களா? ஒரு நாள் நல்ல புகைப்படக்காரரை அழையுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

• மடித்த புடவை செய்தியாகாது; நெய்யும் கைகள் செய்தியாகும். கோர்வை நெசவில் இருவர் சேர்ந்து மூன்று நாடாக்களை ஓட்டி, கரையை உடலோடு பிணைக்கும் இடத்தை மிக அருகில் எடுக்கச் சொல்லுங்கள்.

• நேர் ஃபிளாஷ் பட்டால் ஜரிகை வெளுத்துவிடும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

• அகலவாக்கில் ஒன்று, நெட்டுவாக்கில் ஒன்று வேண்டும். அச்சுக்கு 300 டிபிஐ. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், மின்னஞ்சலே நல்லது.

• படத்தோடு நெசவாளர் பெயர், உழைத்த நாட்கள், புகைப்படக்காரர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். நெசவாளரிடம் சம்மதமும், புகைப்படக்காரரிடம் பத்திரிகையில் வெளியிட எழுத்துமூல அனுமதியும் பெறுங்கள்.

• கைலாசநாதர் கோயில் பின்னணி வேண்டுமா? அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, முன்அனுமதி அவசியம்.

• ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி நாள். 2015 முதல் கொண்டாடப்படுகிறது. இரண்டு வாரம் முன்பே படங்களை அனுப்பிவிடுங்கள்.

நெசவாளரின் முகம் நாளிதழில் வரும்போது, உங்கள் கடையோடு தறியின் மதிப்பும் உயரும்.