மின்னலின் முதற்பொறி

தோழியரே, ஐப்பசி மாலையில் வேளிமலைமேல் மேகம் கறுத்ததும் "தென்னை மூட்டில் நிற்காதே" என்று வீட்டில் அதட்டுகிறார்களே, அம்மேகத்துள் நடப்பது என்ன? அங்கே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஓயாது மோதுகின்றன. இலேசான துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மேலேறுகின்றன. கனத்தவை எதிர்மின்னூட்டத்துடன் கீழே தங்குகின்றன. இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் பெருகுகிறது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2014 டிசம்பர் 1 அன்று உதகைமேல் நின்ற இடிமேகத்திலோ ஏறத்தாழ 130 கோடி வோல்ட்! அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தார், மேகத்தை ஊடுருவி வந்த மியூவான் துகள்கள் குறைந்ததைக் கொண்டே இதைக் கணக்கிட்டனர்.

ஆயினும் ஒரு புதிர். பலூன் அனுப்பி அளந்த இடங்களில், காற்றைப் பிளக்குமளவு வலிய மின்புலம் அகப்படவில்லை. பின் முதற்பொறி எழுவது எவ்வாறு? பனித்துகளின் கூர்முனையில் மின்புலம் குவிவதால் என்பர் சிலர்; விண்ணிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்கள் தூண்டுவதால் என்பர் வேறு சிலர். விஞ்ஞானிகளிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.